மண்டோரின் பிரம்படி

ரப்பர் தோட்டத்துக் கங்காணியான நாகமணி மண்டோர் குந்தி உட்கார்ந்து இருசப்பனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூலியின் காலை மண்டோர் பிடிப்பதா என்று லயத்து வீடுகளில் முணுமுணுக்காத வாயில்லை. அவர் யாரையும் சட்டை செய்யவில்லை.

இருசப்பனின் பாதம் தொங்கிப்போயிருந்தது. அது தரையில் இழுபடாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டி, செருப்பு முனையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை இழுத்துக் கட்டிவிடுவார். தினமும் காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும் முன் இந்த வேலை முடிந்தாக வேண்டும். பிறகு கைத்தாங்கலாகப் புகைவீட்டுக்குக் கூட்டிப்போய், பெண்களோடு ரப்பர் ஷீட்டில் தூசு பொறுக்க உட்காரவைப்பார். ஒரு நாளைக்கு நானூறு மரம் சீவிய ஆளுக்கு இப்போது அதுதான் பிழைப்பு.

இருசப்பன் அவர் முகத்தை ஒருநாளும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கோபம் ஆறவில்லை, ஆறவும் ஆறாது என்று மண்டோர் நினைத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு காலையில் நடந்தது அது. காட்டோரத்துப் பன்னிரண்டாம் நம்பர் தோப்பில் காட்டுக்காரர்கள் மரப்பட்டையைக் கொத்திப் போட்டிருக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று இருசப்பன்தான் கூப்பிட்டான். காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரனோடு சண்டைபோடும் இந்த அவசரகாலத்தில் அது வழக்கமாக நடக்கிற அட்டூழியம்தானே, மண்டோரும் கிளம்பிவிட்டார். பாதி வழியில் இருசப்பனின் கால் பின்னியது. இரண்டு நாளாகவே மரத்துப்போகிறது என்றான்.

காலங்காத்தாலேயே கள்ளு என்று மண்டோர் முடிவு கட்டினார். பிரம்பால் கெண்டைக்காலில் நாலு போட்டார். அவன் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. நடிக்கிறான் என்று அப்படியே போட்டுவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். மறுநாள் காவலர்களோடு போய்ப் பார்த்தால் பன்னிரண்டில் ஒரு மரத்தில்கூட வெட்டுக்காயம் இல்லை. குடியோடு பொய்யும் சேர்ந்துகொண்டதா என்று இன்னும் நாலு வசவு வைதார்.

அதற்குள் இருசப்பனுக்கு வாதம் காலிலிருந்து மார்புவரை ஏறியிருந்தது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இயந்திரம் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். எட்டு மாதம் படுக்கை. கில்லன் பாரே என்று ஒரு நரம்பு நோயாம், அடிபட்டதால் வருவதில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மண்டோரின் மனசு கேட்டால்தானே? அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரம்பை அடுப்பில் வைத்து எரித்தார்.

இன்று அவரால் தாங்க முடியவில்லை. டியூபை முடிச்சுப் போட்டுவிட்டு, எழுந்திருக்காமல் கேட்டேவிட்டார்.

"இருசப்பா, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. பாவம் பண்ணிட்டேன். கண்ண மூடுனா உன் காலுதான் தெரியுது."

ஆஸ்பத்திரியில் எட்டு மாதமும் அழாத இருசப்பன் இப்போது விம்மினான்.

"எந்திரிங்கய்யா. நீங்க என் காலப் புடிக்கக் கூடாது. எம் பொண்டாட்டி தாயம்மாவக் கொன்னுடுவோம்னு காட்டுக்காரங்க மிரட்டுனாங்க. உங்கள எப்படியாச்சும் பன்னெண்டுக்குக் கூட்டியாரச் சொன்னாங்க."

"என்னையா? எதுக்கு?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் முதல் தடவையாக இருசப்பன் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"இந்தக் காலு மட்டும் நடந்திருந்தா, அன்னைக்கே உங்களச் சுட்டிருப்பாங்கய்யா."