மூட்டை கட்டும் நாள்

“அவங்க கெளம்பற வரைக்கும் நீ சோபாவ விட்டு எழுந்திருக்கவே கூடாது.”

தானியேல் கைகூப்பாத குறையாகச் சொன்னான். அவன் மனைவி கிறிஸ்டினா சோபாவை ஒரு முறையும் புருஷனை ஒரு முறையும் பார்த்தாள்.

“கால் சுளுக்குன்னு சொல்லிடறேன். நல்லா கால நீட்டிக்க. வேற யாருக்கும் ஒக்கார எடம் இருக்கக் கூடாது.”

“என்னைக் கடிச்சா மட்டும் பரவால்லியா?”

“பதினஞ்சு நிமிஷம்தான் கிறிஸ்டி. சிரிச்ச மொகமா இரு. சொறியாத.”

சோபாவுக்குள் மூட்டைப்பூச்சி. கட்டிலில், அலமாரி இடுக்கில், சுவர்க் கடிகாரத்தின் முதுகில்கூட. வேலூர் சத்துவாச்சாரியில் அந்த வாடகை வீட்டில் ஐந்து மாதமாக மூன்று பேர் குடியிருந்தார்கள். மற்றவர்களை எண்ணி முடியவில்லை.

மண்ணெண்ணெய் பூசியாயிற்று, வெந்நீர் ஊற்றியாயிற்று, மருந்தடிக்கும் ஆளை இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. மருந்தடித்த அன்று பூச்சிகள் பக்கத்து அறைக்குப் போய்த் தங்கின. வாடை அடங்கியதும் குடும்பத்தோடு திரும்பி வந்தன.

தானியேல் மேல்விஷாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பவன். ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த தழும்பு ஒன்று தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவான். அவன் முதுகே மேசைக்கு வந்திருந்தால் அதையும் ஒதுக்கியிருப்பான்.

முதுகு போகட்டும். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஜீவாவின் கழுத்தில் சிவப்புத் தடிப்புகளைப் பார்த்த பள்ளிக்கூடம், அம்மை என்று முடிவு கட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எட்டு நாளாக அவள் வீட்டில்தான் இருக்கிறாள். எட்டு நாளாகக் கூடுதலாகக் கடி வாங்குகிறாள்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற வீடு. இல்லன்னா நானும் கொழந்தையும் எங்கம்மா வீடு. நீ இதுங்களோடயே குடும்பம் நடத்து,” என்று கிறிஸ்டினா சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் வீட்டு புரோக்கர் தபரேஸ் ஒரு யோசனையோடு வந்தார். ஷபீ அஹமது என்பவருக்கு மேல்விஷாரத்தில் வாடகை வீடு, வேலூர் லாங் பஜாரில் கடை. தானியேலுக்கு அப்படியே நேர்மாறு. இரண்டு குடும்பமும் வீட்டை மாற்றிக்கொண்டால் அலைச்சல் கம்மி. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சம்மதம்.

“அந்த வீட்டம்மா சுத்தம்னா அப்டி ஒரு சுத்தம் சார்,” என்றார் தபரேஸ். “தெனம் மெத்த, தலகாணி எல்லாத்தையும் மாடி வெயில்ல போட்டு அடிஅடின்னு அடிப்பாங்க. நீங்க தொடப்பத்தக்கூட தொட வேணாம், நேரா குடி போலாம்.”

அப்பேர்ப்பட்டவர்களையா இங்கே கொண்டுவந்து தள்ளுவது என்று தானியேலுக்கு உறுத்தியது. ஜீவாவின் கழுத்தைப் பார்த்தான். உறுத்தல் நின்றது.

சொன்ன நேரத்துக்கு ஷபீ அஹமதும் மனைவி தபஸ்ஸுமும் வீடு பார்க்க வந்தார்கள். ஷபீ குழாயைத் திறந்து பார்த்தார். தபஸ்ஸும் நேராகச் சோபாவுக்குப் போனாள்.

“கால் சுளுக்கா அக்கா? கொஞ்சம் நகருங்க, நான் நீவி விடறேன்.”

கிறிஸ்டினாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். தானியேல் மனதுக்குள் ஜெபத்தைத் தொடங்கினான். கிறிஸ்டினா சிரித்த முகமாகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் தபஸ்ஸும் முழங்கையைச் சொறிந்தாள்.

“இங்க கொசு ஜாஸ்தியா சார்?” என்றார் ஷபீ.

“கொசு மட்டும்தான் பாய்.”

“கொசு எங்கதான் இல்ல. எங்களுக்கு வீடு புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழமையே மாத்திக்கலாமா?”

“கட்டிலும் சோபாவும் உங்களுக்கே விட்டுட்டுப் போறோம் பாய்,” என்றான் தானியேல். ஷபீ நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெம்போ டிரைவர் புகழேந்தி வாசலில் நின்று கேட்டார். “எத்தன மூட்ட சார் இருக்கு?”

“மூட்டையா? எங்க வீட்லயா? ஒண்ணுகூட இல்லியே. யார் சொன்னா?”

கூடத்தில் கட்டி வைத்திருந்த பதினான்கு சாமான் மூட்டைகளைப் புகழேந்தி பார்த்தார். தானியேலைப் பார்த்தார். ஏற்றத் தொடங்கினார்.

டெம்போ முன்னால் போக, மூவரும் ஆட்டோவில் பின்னால் போனார்கள். நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் ஷபீயின் வண்டி சாமானோடு வந்தது. முன் சீட்டில் தபஸ்ஸும், அவள் மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை. குழந்தை இவர்களைப் பார்த்துக் கையாட்டியது.

ஜீவாவும் கையாட்டினாள். “அப்பா, அந்தப் பாப்பாவையும் ஸ்கூல்ல வராதன்னு சொல்லிடுவாங்களா?”

கிறிஸ்டினா கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள்.

தானியேல் ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னான். ஷபீ எடுத்ததும் மூச்சு விடாமல் கொட்டினான். “பாய், மன்னிச்சிக்குங்க, பொய் சொல்லிட்டேன். அது கொசு இல்ல, மூட்டப்பூச்சி. வீடு பூரா இருக்கு. எங்க கொழந்த பட்டது போதும், உங்க கொழந்தைய அங்க படுக்க வெக்காதீங்க. இப்பவே வண்டியத் திருப்பிடலாம். நீங்க உங்க வீட்டுக்கே போய்டுங்க, நாங்க எங்க வீட்டுக்கே போய்டறோம்.”

அந்தப் பக்கம் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஷபீ அஹமது மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்லயுமா சார்?”