எண்பத்தொரு சதவீத நம்பிக்கை

கொலை நடந்த அன்றைக்கு மட்டும் ஏன் மகன் தன் சட்டையைத் தானே துவைத்தான்? செண்பகவல்லி இதை யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் பிணை நிற்பவரின் நம்பிக்கையை அளக்கும் நீதிமன்றக் கருவி அவள் மனதில் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

கொலை வழக்கில் சிக்கிய மகன் இளம்பரிதிக்குக் கீழ்நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. பிணை நிற்கும் தாய்க்கே அவன்மேல் எண்பத்தொரு சதவீத நம்பிக்கைதான் இருக்கிறதாம். சட்டம் கேட்பது தொண்ணூறு.

"நாளைக்கு ஐகோர்ட்ல அப்பீல் வருதுக்கா," என்றாள் வக்கீல் ரெஜினா. "ஆஸ்பத்திரியில அரை மணி நேரம் படுத்தா போதும். அந்தச் சட்டையை மட்டும் மறக்க வச்சிருவாங்க. பிள்ளை வீட்டுக்கு வந்துருவான்."

"அப்புறம் சோறு போடும்போது அவன் மூஞ்சிய நான் பாக்கணும்ல?"

"நிம்மதியா பாப்பீங்க!"

செண்பகவல்லி சிரித்தாள். நான்கு மாதமாக அந்தச் சந்தேகத்தோடுதான் சிறையில் மனுப் போட்டு அவனைப் பார்த்துவருகிறாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இவள் நெஞ்சு வலிக்கிறது. சந்தேகம் அதற்குக் குறுக்கே வந்ததே இல்லை. அதை எடுத்துவிட்டால் அவனை நேசிப்பவள் வேறு யாரோ.

சிகிச்சைக்காக ரெஜினா நீட்டியிருந்த ஒப்புதல் படிவத்தை அவள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேண்டாம் வக்கீலம்மா. சந்தேகத்தோடதான் அவங்கம்மா பிணை நிக்கிறாள்னு ஜட்ஜுகிட்ட சொல்லுங்க."