தைத்த பந்து

"கூட வர்றதா சொன்னவங்கள்லாம் எங்க டீச்சர்?" என்று கேட்டார் பியூன் தெய்வசிகாமணி.

"வந்துடுவாங்க" என்றாள் அமுதவல்லி, மூன்றாவது முறையாக.

கல்வித்துறை அதிகாரியைப் பார்க்கப் பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இப்போது பதினொன்றே கால். வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சில் பன்னிரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஓரத்தில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் மனு, காலடியில் ஒரு பெரிய பை.

அமுதவல்லி மூலக்குளத்தைத் தாண்டி இருந்த ஓர் அரசுப் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். இந்த வருடம் பள்ளிகளின் விளையாட்டுப் பணத்தில் கை வைக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது. மறு வாரமே அவள் பள்ளிக்குக் கடிதமும் வந்துவிட்டது. இந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை.

அந்த வட்டாரத்தில் பன்னிரண்டு பள்ளிகள். மற்ற பதினோரு பி.டி. ஆசிரியர்களுக்கும் ஒரு ரூபாய் போனில் அவளே பேசினாள். "பன்னண்டு பேரும் சேர்ந்து போய் நின்னா முடியாதுன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள். "வரோம் டீச்சர், வரோம்" என்றார்கள். யாரும் ஒரு நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தனியாக இருப்பது அவளுக்குப் புதிதில்லை. பத்தொன்பது வருடமாக ஸ்டாஃப் ரூமில் அவளுக்கு நாற்காலி கிடையாது. சுண்ணாம்பு மூட்டையும் ஸ்கிப்பிங் கயிறும் கிடக்கும் சாமான் அறையில்தான் டிபன் பாக்ஸைத் திறப்பாள். வீட்டிலும் ஒரு தட்டுதான். ஆனாலும் இன்றைக்கு அந்தக் காலி பெஞ்சைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார் கூப்புடறாரு. இன்னும் எவ்ளோ நேரம்தான் காத்திருப்பீங்க? நீங்க மட்டும் போங்க" என்றார் தெய்வசிகாமணி.

அதிகாரி இராமதாஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் சார். ஆனா பன்னண்டு பள்ளிக்கும் சேர்த்துதான் பேச வந்திருக்கேன்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதிரில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டார். "சொல்லுங்க."

அமுதவல்லி பையிலிருந்து ஒரு வாலிபால் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது உருளவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"நெல்லித்தோப்பு முனையில செருப்பு தைக்கிறவரு தைச்சுக் குடுத்தது சார். இந்த நாலு தையல் நான் போட்டது. எங்க வலையப் பார்த்தீங்கன்னா, கனகசெட்டிக்குளத்துலேர்ந்து வர்ற ஒரு பொண்ணோட அப்பா மீன்வலை நூல்ல முடிஞ்சு குடுத்தாரு. பந்து போச்சு, வலை போச்சுன்னு இத்தினி வருஷமா யார்கிட்டயும் போய் நின்னதில்ல. பொண்ணுங்களுக்கேகூட தெரியாது. தையல் கீழ இருக்கற மாதிரிதான் கையில குடுப்பேன்."

"அப்புறம் ஏன் இப்ப?"

"தோல் இத்துப்போச்சு சார். இதுக்கு மேல ஊசி ஏறல. அடுத்த மாசம் காரைக்கால்ல போட்டி. தாமரைச்செல்வின்னு ஒரு பொண்ணு, பிளஸ் டூ. மில்லு வேலை போனதிலேர்ந்து அவங்க அப்பா கெடச்ச வேலைக்குப் போறாரு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கெடைக்கணும்னா அவளுக்கு இந்த ஒரு போட்டிதான் சார். நாலு பந்தும் பஸ் காசும் இல்லன்னா அந்தப் பொண்ணு படிப்பு இத்தோட நின்னுடும்."

இராமதாஸ் பந்தைக் கையில் எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். மனிதர் கெட்டவரில்லை.

"எனக்குப் புரியுது டீச்சர். ஆனா இந்த வருஷ லிஸ்ட்டுல கையெழுத்தாயிடுச்சு. இனிமே ஒண்ணும் மாத்த முடியாது."

"அப்ப பன்னண்டு பள்ளிப் புள்ளைங்களும் வீட்லயே உக்கார வேண்டியதுதானா?"

"பன்னண்டு இல்ல..." அவர் தயங்கினார். "மத்த பதினோரு பள்ளிக்கும் போன வாரமே பணம் போயிடுச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

'வரோம் டீச்சர், வரோம்' என்ற பதினோரு குரல்களும் அமுதவல்லியின் காதுக்குள் கேட்டன.

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுனா யாருக்கும் உதவாது. மத்தவங்கள்லாம் அது கிழிஞ்சுது, இது ஒடைஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க. அதனால சாமான்லாம் நல்லா இருக்கற ஒரே பள்ளிக்கு மட்டும் நிறுத்துனோம்."

"நல்லா இருக்கா?" அவள் எழுந்தே விட்டாள். "எந்த மகராசி சார் சொன்னது? எங்க எச்.எம்.மா? அவங்க கிரவுண்டு பக்கம் தலை வச்சுகூட படுத்ததில்ல! பந்தைக் கண்ணால பாக்காம எழுதிக் குடுத்து, ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

இராமதாஸ் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார்.

மார்ச் மாத இருப்புச் சான்று. கிழிந்தது என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து வருடா வருடம் எழுதும் அதே வரி: 'பந்துகள் ஆறு, வலைகள் இரண்டு. அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன.' அதற்குக் கீழே, பத்தொன்பது வருடமாக மாறாத அவளுடைய கையெழுத்து.