ஜூன் ஒன்றில் பிறந்த பதினான்கு பேர்

காவல்துறைப் பட்டியலில் கொலைகாரன் என்று குறிக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு சுடலைமுத்துதான். அந்தக் குறியைத் தெருக்காவல் இயந்திரங்களின் பட்டியலுக்கு நகலெடுக்க இசக்கியம்மாள் எழுதிய நிரல், பெயரையும் பிறந்த தேதியையும் மட்டுமே ஒப்பிட்டது. அந்த வட்டாரத்தில் சுடலை என்று குலசாமி பெயர் வைக்காத வீடு குறைவு. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார்கள் எல்லோருக்கும் போட்ட பிறந்த நாளோ ஜூன் ஒன்று. காலை பதினோரு மணிக்குப் பதினான்கு சுடலைமுத்துகள் கொலைகாரர்கள் ஆனார்கள்.

அலுவலக ஜன்னலுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சுடலைமுத்துவின் முழங்காலைத் தெருக்காவல் இயந்திரம் கரும்பை ஒடிப்பதுபோல் ஒடித்து, கழுத்தைப் பிடித்தது. அவள் பதறி எழுந்தபோது தம்பி சுடலைமுத்துவிடமிருந்து போன் வந்தது.

“யக்கா, வாசல்ல வந்து நிக்கு. எம் பேரக் கேக்கு.”

“சொல்லாதல. கதவச் சாத்து.”

“சொல்லிட்டேன்க்கா.”

கதவு பிளக்கும் சத்தமும் அவன் அலறலும் சேர்ந்து கேட்டன. பதினான்கு குறிகளையும் அழிக்க அவள் கட்டளை எழுதினாள். பின்னால் நின்ற அதிகாரி அவள் கையைப் பிடித்தார்.

“ஒந் தம்பிய மட்டும் எடும்மா. எல்லாத்தையும் அழிச்சா நெசக் கொலைகாரனும் தப்பிருவாம்லா?”

“அவன் ஒருத்தன்தான சார். இது தெருவுக்குத் தெரு நிக்கு.”

கையை உதறிவிட்டு விசையை அழுத்தினாள். கீழே இயந்திரம் பிடியை விட்டது. அந்த மனிதர் எழவே இல்லை. போனில் தம்பி அழுதான். அழுகிறான் என்றால் உயிரோடு இருக்கிறான்.