வெளிச்சம் பார்க்க எடுத்த படங்கள்

"ஊர்ல இருக்கற கண்ணையெல்லாம் சரி பண்றே. ஒரு குருவி உன் கண்ல பட மாட்டேங்குது," என்றான் கண் டாக்டரின் கணவன், பனி படிந்த மரக்கட்டையில் உட்கார்ந்தபடி.

"நீங்க பேசற பேச்சுக்கு யானையே ஓடிடும். வெளிச்சம் பார்க்கணும், சும்மா உட்காருங்க," என்றாள் அவள்.

அந்த நீலவால் குருவியை அவள் ஏழு குளிர்காலமாகத் தேடுகிறாள். நாளை வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள். இன்று விட்டால் இனி இந்தக் காடு இல்லை. முதலில் கணவனை உட்காரவைத்து இரண்டு மூன்று படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்வது அவள் வழக்கம். அப்படியே அவன் முகம் மட்டும் இருநூறு படம் சேர்ந்துவிட்டது. குருவி ஒன்றுகூட இல்லை.

இன்று மூன்று எடுத்துவிட்டுக் கேமராத் திரையைப் பார்த்தாள்.

முதல் படத்தில், அவனுக்குப் பின்னாலிருந்த மொட்டைக் கிளையில் நீலவால் குருவி உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில், அவன் பக்கத்திலிருந்த பிளாஸ்க்கின் மூடிமேல். மூன்றாவதில், அவன் தொப்பிமேல் நின்று, குனிந்து, அவன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். தொப்பிமேல் ஒன்றுமில்லை. படம் எடுத்தபோதும் ஒன்றுமில்லை.

அவளுக்கு அடக்க மாட்டாமல் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிப்பு? எனக்குக் கால் மரத்துப்போச்சு. எந்திரிக்கவா?"

அவள் இன்னொரு படம் எடுத்தாள். திரையில் குருவி அதே தொப்பிமேல் இருந்தது. இம்முறை நேராக அவளைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் மெதுவாக. "தலையை மட்டும் அசைக்காம இருங்களேன்."