முப்பதோடு சரி

“ஒரே படத்தை முப்பது தடவை அச்சடிச்சா, அதுல எதும்மா நிஜப் படம்?”

ஐந்து வயதில் மகள் கேட்ட கேள்வி அது. மரப்பலகையில் உளியால் படம் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது அம்மாவின் தொழில். மை உருளையைக் கீழே வைக்காமலே அவள் சொன்னாள்: “முப்பதும் நிஜம்தான் கண்ணு. முப்பதோட நிறுத்திட்டா.”

இன்று மகளுக்கு இருபத்து மூன்று வயது. பட்டறையின் நடுவில் நின்று அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“சார் எவ்வளவு நேரமா கேட்டுட்டிருக்கார். வாயைத் திறந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன்மா.”

சார், ஓட்டல்களுக்கு உள் அலங்காரம் செய்பவர். அந்தச் சின்ன அறையில் இருந்த ஒரே நாற்காலியில், சட்டையில் மை ஒட்டிவிடுமோ என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் இணையத்தில் போட்டிருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தவர். பேருந்தின் கடைசி இருக்கையில், வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண், பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவளின் தோளில் சாய்ந்து தூங்கும் படம்.

“நூத்தி இருபது ரூம்மா. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலயும் இந்தத் தூக்கம்தான் தொங்கணும்னு எங்க முதலாளி ஒத்தைக் கால்ல நிக்கிறார். பாதிப் பணம் இன்னைக்கே தந்துடறேன்.”

“இது முப்பது பிரதிதான் சார். ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு,” என்றாள் அம்மா.

“பலகை இருக்குல்ல?”

“இருக்கு.” அவள் குரல் இறங்கியது.

சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். பிறகு யார் அச்சடித்தாலும் படம் வெட்டுப்பட்டுத்தான் விழும். அதுதான் அந்தத் தொழிலின் முறை. இந்தப் பலகைக்கு மட்டும் நான்கு மாதமாக அவளுக்கு மனசு வரவில்லை.

“நீ இன்னும் கோடு போடாம வச்சிருக்கிறதே கடவுள் காட்டற வழிதாம்மா,” என்றாள் மகள்.

“அவரை ஏண்டி இதுல இழுக்கறே? சோம்பேறித்தனம் என்னோடது.”

பிறகு அவரைப் பார்த்து, “வேற ஒண்ணு செதுக்கித் தரட்டுமா சார்? இல்லேன்னா, மிச்சம் இருக்கிற பிரதிகளை எடுத்துக்குங்க,” என்றாள்.

“மிச்சத்தை வச்சு நான் என்னம்மா பண்றது? எல்லா ரூமுக்கும் ஒண்ணு போல வேணும். அதுவும் இதுதான் வேணும்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்பர் எழுதாம அடிச்சுக் குடுங்க. வாங்கினவங்க என்ன, எங்க ஓட்டலுக்கு வந்து கட்டில் கட்டிலா தேடப் போறாங்களா?”

“வரமாட்டாங்க சார். அவ்வளவு வசதி கிடையாது. ஆனா வாங்கும்போது கேட்டாங்க: ‘எங்க வீட்டுல இருக்கிற சாமானெல்லாம் எல்லார் வீட்டுலயும் இருக்கு. இது மட்டும் முப்பது வீட்டுலதானே இருக்கும்?’னு. ஆமான்னு சொல்லித்தான் கையில குடுத்தேன்.”

அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, கோபமில்லாமல் சொன்னார்: “உங்களுக்கெல்லாம் கை நல்லாத்தான் ஓடுது. பொழைப்புதான் ஓட மாட்டேங்குது.”

அவரைப் படி வரை அனுப்பிவிட்டு வந்த மகள், அச்சு இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

“திங்கக்கிழமை இதைத் தூக்கிட்டுப் போக ஆள் வருது. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்புறம் நீ சோப்புக் கம்பெனியில லேபிள் ஒட்டப் போறே.”

“ஒட்டறதும் கை வேலைதானே.”

“சிரிக்காதே. கல்யாணப் பத்திரிகைக்குப் படம் போட்டே, சனிக்கிழமை பசங்களுக்கு வகுப்பு எடுத்தே, கடைக்காரங்களுக்குப் பேர்ப் பலகை செஞ்சே. ஒண்ணாவது நிலைச்சுதா? இந்த ஆர்டர் வந்தா மெஷினும் நம்மகிட்டயே இருக்கும், நீயும் நிம்மதியா செதுக்கலாம். ஞாயித்துக்கிழமை சந்தையில யாரோ வாங்கிட்டுப் போனதுக்காகவா இதை விடறே?”

“யாரோ இல்லடி. நான் வார்த்தை குடுத்த ஆளு.”

மகளின் கண் கலங்கியது. அம்மா ஒரு சுத்தமான துணியைத் தேடி எடுத்து, அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துவிட்டாள்.

“பொழைக்கத் தெரியாத அம்மா எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கே,” என்று மூக்கை உறிஞ்சினாள் மகள். “காலையிலேருந்து பட்டினியாத்தானே இருக்கே? இரு, டீயும் பன்னும் வாங்கிட்டு வரேன்.”

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

அவள் பலகையை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே எதையோ வேண்டிக்கொண்டாள். பிறகு உளியை அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கோடாக இழுத்தாள். தூங்குகிறவளின் முகத்தைத் தொடாமல், இரண்டு தோள்களுக்கும் கீழாக. மேலே இருப்பவனைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

மரத்தூளை ஊதிவிட்டு, பலகையை வைக்க இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இருபத்தொன்பது பிரதிகள், அச்சடித்த அன்று அடுக்கியபடியே இருந்தன. முப்பதில் இதுவரை விற்றது, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் ஒரு பெண் மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கிப் போன ஒன்றே ஒன்றுதான்.