ஆலங்கட்டியும் ரொறன்ரோ மாப்பிள்ளையும்

“காரை நான் ஓடுறன்” என்று சொன்ன மாப்பிள்ளை இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். ஏறி உட்கார்ந்து, முன்னால் ஸ்டியரிங்கைக் காணாமல் முழித்தான்.

வெளியே கணுக்கால் அளவு ஆலங்கட்டிக்குள் நின்ற வரதராஜா, “அது இந்தப் பக்கம், தம்பி” என்றார் மிக மரியாதையாக. மாப்பிள்ளை பாங்க் மனேஜர் அல்லவா.

மத்தியானம் கொட்டித் தீர்த்த ஆலங்கட்டி, சிட்னி றோட்டுகளை வெள்ளைத்துணி விரித்தமாதிரி ஆக்கியிருந்தது. பரமாட்டா றோட்டில் பதறிப்போய் பிரேக்கை மிதித்த வரதராஜாவின் ஹோல்டன் கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. காருக்கும் அவரைப்போல வீட்டுக்குப் போகத்தான் விருப்பம்.

ஆனால் போக முடியாது. பின் சீட்டில் அவருடைய மனைவி விமலாவும், கல்யாணப் பெண்ணான மைத்துனி யோகராணியும் பட்டுச்சேலையோடு இருந்தார்கள். நகரத்துப் பதிவுத் திருமண அலுவலகம் நாலு மணிக்குப் பூட்டும். மாப்பிள்ளை சிறிதரன் மறுநாள் விமானம் ஏறுகிறான்.

சம்பந்தம் பேசியது மாப்பிள்ளையின் மாமா. ‘கனடா ரொறன்ரோவில் பாங்க் மனேஜர்’ என்று அவர் சொன்ன அன்றே வரதராஜா அதை ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். அந்த எழுபதுகளில் சிட்னித் தமிழர் மொத்தப் பேரும் ஒரு பஸ்ஸுக்குள் அடங்குவார்கள் என்பதால் அவருக்கு அது பெரிய வேலையாக இருக்கவில்லை.

யோகராணிதான் முதலில் வேண்டாம் என்றாள். சிறிதரன் வந்து, அவளோடு ஒரு பின்னேரம் கடற்கரையில் நடந்துவிட்டு வந்த பிறகு ஓம் என்றாள். இடையில் தான் கொடுத்த புத்திமதியின் பலன் அது என்று வரதராஜா நம்பினார்.

மாப்பிள்ளையிடம் அவர் கண்ட ஒரே குறை, பாங்கைப் பற்றிக் கேட்டால் ஸ்னோவைப் பற்றிச் சொல்வதுதான். ஸ்னோவில் எப்படிக் கிளப்புவது, எப்படி வளைப்பது என்று இரண்டு கிழமையாக ஒரே கதை. இப்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

“டாக்சிக்காரரே பயந்து ஓரங்கட்டி நிக்கிறாங்கள். இவர் ஓடப்போறாராம்” என்று வரதராஜா மனைவியின் ஜன்னலில் குனிந்து முணுமுணுத்தார்.

“அவர் ஓடட்டும், அத்தான்” என்றாள் யோகராணி. நேர்ஸ் வேலையில் இருந்து வந்த குரல் அது. மருந்தைக் குடியுங்கோ என்பதுபோல இருந்தது.

வலப்பக்கம் மாறி ஏறிய சிறிதரன், “அண்ணை, நீங்களும் பின்னால ஏறுங்கோ. பின்சில்லு வழுக்காமல் இருக்கப் பாரம் வேணும்” என்றான்.

“ஏறுங்கோப்பா” என்றாள் விமலா. “உங்கட வயிறு இண்டைக்காவது உதவட்டும்.”

வரதராஜா ஏறினார். சிறிதரன் கண்ணாடியைத் திருப்பி, பின்னால் இருந்த மூவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்பினான். கார் ஒரு சிலுப்புச் சிலுப்பி, பிறகு நல்ல பிள்ளையாக நேரே திரும்பியது.

அதன்பிறகு நடந்ததை வரதராஜா வாயைப் பிளந்தபடி பார்த்தார். முன்னால் ஒரு வான் பக்கவாட்டில் வழுக்கி வந்தது. அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் சிறிதரன் பிரேக்கைத் தொடாமலே அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். நடு றோட்டில் கைவிட்டுப்போன கார்களுக்கிடையே ஹோல்டன் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது.

ஒரே ஒரு பிசகு. கார் நிற்கும்போதெல்லாம் அவனுடைய வலது கை எதையோ தேடிப் போய் ஜன்னல் கண்ணாடியில் இடித்தது. கனடாவில் கியர் அந்தப் பக்கம் போலும் என்று வரதராஜா பெருந்தன்மையோடு மன்னித்தார். “இடது”, “நேரே”, “அந்தச் சந்தியில வலது” என்று பின்னால் சாய்ந்திருந்து சொல்வதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பாங்க் மனேஜரைச் சாரதியாக வைத்திருக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அலுவலகம் பூட்ட நேரமிருந்தது. சிறிதரன் காரை வாசலில் ஒட்டி நிறுத்தினான். கை வழக்கம்போலக் கண்ணாடியில் இடித்தது. சீட்டின் மேல் முழங்கையை வைத்துத் திரும்பி, களைத்த சிரிப்போடு இங்கிலீஷில் கேட்டான்.

“ரிசீட் வேணுமா, சேர்?”

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவனுக்கே விளங்கியது.

வரதராஜாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. “நீர்... டாக்சியோ?”

“ஓம் அண்ணை. எட்டு வருசம். கை இன்னும் மீட்டரைத்தான் தேடுது.”

“அப்ப பாங்க்?”

“பாங்க் வாசலிலதான் எங்கட ஸ்டாண்ட். மாமா கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிவிட்டிட்டார். எயார்போட்டிலயே சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள்தான் அங்க வந்த எல்லாருக்கும் மனேஜர் எண்டு கைகுடுக்க வைச்சிட்டியள்.”

வரதராஜாவின் கண்ணுக்குள் அந்த ஒரு பஸ் தமிழரும் வரிசையாக வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அவர் யோகராணியின் கையைப் பிடித்தார். “இறங்காதை பிள்ளை. வீட்டை போவம். நல்லவேளை, கையெழுத்து வைக்க முதலே தெரிஞ்சுது.”

யோகராணி கையை விடுவித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப்பிடித்தபடி ஆலங்கட்டிக்குள் இறங்கினாள். மாப்பிள்ளைப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, திரும்பி அவரைப் பார்த்தாள்.

“டாக்சி எண்டு இவர் கடற்கரையிலயே சொல்லிட்டார். மனேஜர் எண்டதுக்குத்தான் நான் வேண்டாம் எண்டனான், அத்தான்.”